18 நாள் காய்ச்சலும் மூன்று ஆன்டிபயாட்டிக்குகளும்: எந்த மருந்து எந்தக் கிருமிக்கு?

தம்வே வாசகி:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பர்மாவில், பெகுவுக்கு வடக்கே வயல் வைத்துப் பயிர் செய்யும் என் கொழுந்தனாருக்கு இன்றோடு 18 நாட்களாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. வயது 46. சர்க்கரை நோய் ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. நடவு முடிந்த வாரம் குளிர் நடுக்கத்தோடு தொடங்கிய காய்ச்சல் இது. மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் சோதித்துப் பார்த்து இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் ஐந்து நாட்கள் ஊர்க் கடையில் கட்டிக்கொடுத்த பொட்டலங்களைச் சாப்பிட்டார். ஒவ்வொரு பொட்டலத்திலும் சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் ஒன்று, பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று, மிளகளவே இருந்த சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று, இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று என நான்கு இருந்தன. எதிலும் பெயர் எழுதப்படவில்லை. கேப்சூல் அமாக்சிசிலின் என்று மட்டும் கடைக்காரர் வாயால் சொன்னாராம். அதன்பின் வேறொரு கடையில் செஃபிக்சைம் ஐந்து நாட்கள், பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் ஐந்து நாட்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தணிந்து, மூன்றாம் நாள் மறுபடியும் ஏறியது. இப்போது அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். இடுப்புத் துணி நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார்.

மூன்றும் கேட்கவில்லை என்பதால் இதைவிடப் பவரான ஊசி ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்கில் பவர் என்பது உண்மையில் என்ன? இந்த மூன்று மருந்துகளும் எந்தெந்த வகையைச் சேர்ந்தவை, எதற்குக் கொடுக்கப்படுபவை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பழைய கம்பவுண்டர், ரங்கூன்:

அம்மா, உங்கள் கொழுந்தனார் விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். 31 ஆண்டுகள் மருந்து கட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிகிச்சையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேப்சூலின் நிறத்தைக் கொண்டு மருந்தைச் சொல்ல முடியாது. ஒரே நிறக் கூட்டில் வெவ்வேறு மருந்துகள் வருகின்றன. ஆனால் அந்த மிளகளவு மாத்திரை என்னைக் கவலைப்பட வைக்கிறது. இத்தகைய பொட்டலங்களில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ப்பது பழைய வழக்கம். அது காய்ச்சலைத் தணிக்கும், உடல்வலியைப் போக்கும், பசியைத் தூண்டும், ஆகவே மருந்து கேட்டுவிட்டது என்றே நோயாளி நினைப்பார். உள்ளே கிருமி குறைந்திருக்காது. சர்க்கரை உள்ளவருக்கு அது சர்க்கரையை ஏற்றிவிட்டு, கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் குறைத்துவிடும். இரண்டு நாள் தணிந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

பவர் என்ற சொல்லை இந்த மருந்துகளுக்குப் பயன்படுத்துவதே தவறு என்பது என் உறுதியான எண்ணம். சாராயத்தில் வலுவானது, வலுக் குறைந்தது என்று சொல்லலாம். ஆன்டிபயாட்டிக்கில் கேட்க வேண்டியவை மூன்று: இந்த மருந்து கிருமியின் எந்த உறுப்பைத் தாக்குகிறது, அந்த உறுப்பு இந்தக் கிருமியிடம் இருக்கிறதா, மருந்து கிருமி இருக்கும் இடம் வரை போய்ச் சேருகிறதா. இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஊசியும் வெறும் தண்ணீர்தான்.

அமாக்சிசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. செஃபிக்சைம் செஃபலோஸ்போரின் குடும்பம். இரண்டும் ஒரே பெரிய கூட்டத்தின் கிளைகள், பீட்டா-லாக்டம் என்பார்கள். பாக்டீரியாவுக்கு உடலைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் உடலின் செல்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. பாக்டீரியா வளரும்போது சுவரைப் பின்னிக்கொண்டே போக வேண்டும். பின்னும் வேலையைச் செய்யும் புரதத்தில் இந்த மருந்து ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. பின்னல் நின்ற சுவர் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கிறது. நம்மிடம் இல்லாத ஒன்றைத் தாக்குவதால்தான், ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு, பெனிசிலின் இவ்வளவு பாதுகாப்பான மருந்தாக இருக்கிறது.

1928-இல் ஃபிளெமிங் பூஞ்சையின் ஓரத்தில் கிருமி கரைந்திருப்பதைக் கண்டார். அதை மருந்தாக்கிக் கொடுத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியும் செயினும் அவர்களது குழுவினரும். செஃபலோஸ்போரினின் மூலப் பூஞ்சையை 1940-களில் இத்தாலியைச் சேர்ந்த புரோட்சு என்பவர் சார்டினியாவில் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து எடுத்தார். இன்று நாம் வாங்கும் செஃபலெக்சின், செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன் எல்லாம் அதன் வழி வந்தவை.

பாக்டீரியாக்களும் கைகட்டி நிற்கவில்லை. பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து மருந்தின் மூலக்கூறில் உள்ள வளையத்தை உடைத்துவிடுகின்றன. அந்த நொதியைத் தடுப்பதற்காகத்தான் அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தது பெரிய மருந்து, சேராதது சிறிய மருந்து என்று நம் மக்கள் கணக்குப் போடுகிறார்கள். நொதி சுரக்காத கிருமிக்கு இரண்டும் ஒன்றே. சேர்ந்த மாத்திரையால் வயிற்றுப்போக்குதான் கூடுதலாக வரும்.

சிப்ரோஃப்ளாக்சசின் முற்றிலும் வேறு குடும்பம், ஃப்ளூரோகுவினோலோன். கிருமி தன் டி.என்.ஏ.-வை முறுக்கவும் பிரிக்கவும் வைத்திருக்கும் நொதியை அது தாக்குகிறது. மலேரியா மருந்தான குளோரோகுவினைத் தயாரிக்கும் வேலையின் பக்கவிளைவாகக் கிடைத்த பொருளிலிருந்து நாலிடிக்சிக் அமிலம் 1962-இல் பிறந்தது. அதன் பேரப்பிள்ளைதான் சிப்ரோ.

---

காய்ச்சல் பிரிவு மருத்துவர்:

வாசகி அவர்களே, இழையைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட அவரை, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் இரத்த வளர்ப்புச் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். சர்க்கரை நோயாளிக்கு 18 நாள் காய்ச்சல், மெலிவு, மூன்று மருந்துக்கும் அடங்காமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது. இன்னொரு மாத்திரையும் கொடுக்காதீர்கள். அடுத்த ஆன்டிபயாட்டிக் உடலில் ஏறுவதற்கு முன் இரத்தம் எடுக்கப்பட வேண்டும்.

போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் அவருடைய அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்து, வலி இல்லாமல் இருக்கலாம். அது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் போர்வீரர்களை வாட்டிய நோய் அது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது, அதன் சுவரும் வேறுமாதிரியானது. ஆகவே பெனிசிலினோ செஃபலோஸ்போரினோ அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த, விலை மலிந்த, பழைய மருந்து அது. கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் அமர்ந்து வேலையை நிறுத்துகிறது. கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதிலாக அசித்ரோமைசின் கொடுப்போம்.

வயலில் இறங்குபவர்களுக்கு வரும் நீண்ட காய்ச்சலில் இன்னும் நான்கை நினைவில் வைக்கிறோம். எலிக்காய்ச்சல் டாக்சிசைக்ளினுக்கும் பெனிசிலினுக்கும் கேட்கும். டைபாய்டு ஒருகாலத்தில் குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்கியது, பிறகு சிப்ரோவுக்கு அடங்கியது, இப்போது நம் பகுதியில் சிப்ரோவை நம்ப முடியாததால் செஃப்ட்ரையாக்சோன் ஊசியையோ அசித்ரோமைசினையோ நாடுகிறோம். மூன்றாவது காசநோய். நான்காவது மெலியாய்டோசிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. காலில் உள்ள கீறல் வழியாகவும், மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். அமாக்சிசிலின், பழைய செஃபலோஸ்போரின்கள், ஜென்டாமைசின் எல்லாவற்றுக்கும் இயல்பிலேயே அடங்காதது. சிப்ரோவையும் அதற்கு நம்பக் கூடாது.

இப்படி ஐந்து நோய்களுக்கு ஐந்து பாதைகள் இருக்கும்போது பவரான ஊசி என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

---

தம்வே வாசகி:

டாக்டர் ஐயா, பொருக்கு எதுவும் இல்லை. இடது கணுக்காலில் ஆறிப்போன கீறல் ஒன்றுதான் இருக்கிறது. களைக்கொட்டு பட்டது என்கிறார். வண்டி ஏற்பாடு செய்துவிட்டோம். பொட்டலத்தில் மீதியிருந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

---

மோல்மேன் ஆசிரியை:

வாசகி அக்கா, நல்ல செய்தி வரட்டும். பவர் என்ற பேச்சு வந்ததால் என் மகனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் தொண்டைவலி வந்து தானாக ஆறியது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. வாதக் காய்ச்சல் என்றும் இதய வால்வில் கசிவு தொடங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். அன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தின் பெனிசிலின் ஊசி போடுகிறோம். கஞ்சி போலக் கெட்டியான வெள்ளை மருந்து அது. பெரிய ஊசியில் ஏற்றி, மெதுவாக, தசையின் ஆழத்தில் செலுத்துவார்கள். அவன் என் கையைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடிப்பான். அந்த மருந்து தசையிலேயே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கிறது என்று நர்ஸ் சயாமா விளக்கினார்.

இவ்வளவு பழைய மருந்தா, புதியது கிடையாதா என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் என் மனத்தில் பதிந்துவிட்டது. தொண்டைக்கு வரும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லையாம். அந்த முதல் தொண்டைவலிக்கே பத்து நாள் பெனிசிலின் கொடுத்திருந்தால் என் மகனின் வால்வு தப்பியிருக்கும். ஆகவே ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று எல்லாத் தொண்டைவலிக்கும் சொல்லிவிடவும் முடியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

---

காய்ச்சல் பிரிவு மருத்துவர்:

ஆசிரியை சொல்வது முற்றிலும் சரி. தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், அவற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயனில்லை. இருமல் இல்லாமல், காய்ச்சலோடு, தொண்டையில் சீழ்ப்புள்ளியும் கழுத்தில் வலிக்கும் நெறிக்கட்டியும் உள்ள குழந்தையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

---

ஆய்வகத் தம்பி:

நான் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை எழுதினால், முடிவு வர ஏன் இரண்டு மூன்று நாட்களாகிறது என்பது வாசகி அக்காவுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி இரத்தம் வேண்டும். கொடுக்கும்போது பலர் மனம் நோகிறார்கள், ஆனால் ஒரு மில்லியில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால்தான் அவ்வளவு கேட்கிறோம். பாட்டிலை உடல் வெப்பத்தில் வைத்து, கிருமி பெருகியதும் ஒரு துளியை எடுத்து, ஆகர் என்ற கூழ் உறைந்த தட்டில் தேய்ப்போம். மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதைக் கரைத்து இன்னொரு தட்டில் சீராகப் பரப்பி, மருந்தில் நனைத்த காகித வட்டுகளை இடைவெளி விட்டு வைப்போம். ஒவ்வொரு வட்டும் ஆறு மில்லிமீட்டர்தான். மேலே மருந்தின் சுருக்கெழுத்து அச்சாகியிருக்கும். இரவு முழுவதும் வைத்து, காலையில் மூடியைத் திறந்தால் தட்டு முழுவதும் வெண்மையாகப் பாசி படர்ந்தது போலக் கிருமி வளர்ந்திருக்கும். சில வட்டுகளைச் சுற்றி மட்டும் நிலவுக்குக் கோட்டை கட்டியது போலத் தெளிவான வளையம் இருக்கும். அளவுகோலை வைத்து வளையத்தின் விட்டத்தை அளப்போம். ஒரு மருந்துக்கு இந்த அளவுக்கு மேல் இருந்தால் கேட்கும், கீழே இருந்தால் கேட்காது என்று அட்டவணை உண்டு. ஒரு மருந்தின் வளையத்தை இன்னொன்றின் வளையத்தோடு ஒப்பிட்டுப் பெரியது பவர் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு மருந்தும் ஆகரில் பரவும் வேகம் வேறு. இந்தப் பிழையைப் படித்தவர்களும் செய்கிறார்கள்.

டாக்டர் சொன்ன மெலியாய்டோசிஸ் கிருமிக்கு எங்களிடம் ஓர் அடையாளம் உண்டு. ஜென்டாமைசின் வட்டைச் சுற்றி வளையம் இருக்காது, கொலிஸ்டின் வட்டைச் சுற்றியும் இருக்காது, அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த வட்டைச் சுற்றி மட்டும் வளையம் விழும். இந்த மூன்றையும் ஒரே தட்டில் கண்டால் உடனே தட்டை மூடிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய்விடுவோம். தட்டை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கத்தை இந்தக் கிருமி உள்ள நாட்டில் எவரும் செய்யக் கூடாது. கவனிக்காதவர்கள் இதை வேறு ஏதோ வெளிக்கிருமி கலந்துவிட்டது என்று கொட்டிவிடுவதும் உண்டு.

---

சிரியம் கடைக்காரர்:

எல்லோரும் பொட்டலத்தைக் குறை சொல்கிறீர்கள். நானும் கடை வைத்திருப்பவன், ஆகவே மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். என்னிடம் வருபவர் அன்றைய கூலியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். மருத்துவரிடம் போனால் அந்தக் கூலி போகும், மறுநாள் கூலியும் போகும். ஒரு நாளைக்கான மருந்து கொடுங்கள் என்கிறார். நான் மறுத்தால் அடுத்த கடையில் வாங்குவார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்கு நான் என்னதான் கொடுக்க வேண்டும்?

---

காய்ச்சல் பிரிவு மருத்துவர்:

உங்கள் கேள்வி நேர்மையானது. அதை இத்தனை ஆண்டுகளில் எங்களில் பலர் காதில் வாங்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கூலிக்காரரின் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆகவே கொடுக்காதே என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட மாட்டேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுங்கள். இரத்தம் கலக்காத வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுங்கள், குழந்தையானால் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுங்கள். இவற்றால் உங்கள் கடையில் வியாபாரமும் நடக்கும். அந்த மிளகளவு ஸ்டீராய்டை அடியோடு விட்டுவிடுங்கள். ஒருநாள் அளவாக ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது நோயாளிக்குப் பயன்படுவதில்லை. இலேசாகச் சுட்டுவிட்டு விட்ட கிருமிகளில் தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். குறைந்த அளவு மருந்து, தன்னை எதிர்க்கக் கிருமிக்குக் கற்றுக்கொடுக்கும் என்று 1945-இல் நோபல் பரிசு உரையில் ஃபிளெமிங்கே எச்சரித்தார்.

முக்கியமான வேண்டுகோள் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வருபவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசினோ லெவோஃப்ளாக்சசினோ கொடுக்காதீர்கள். காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டையும் வைத்திருக்கிறது. ஃப்ளூரோகுவினோலோன்கள் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கும். இருமல் குறையும், சளியில் கிருமி தெரியாது, மாதக்கணக்கில் நோய் மறைந்திருக்கும். அதற்குள் கிருமி அந்த மருந்தை எதிர்க்கவும் கற்றுவிடும். மருந்துக்கு அடங்காத காசநோயைக் குணப்படுத்த நாங்கள் நம்பியிருக்கும் மருந்துகளில் அதே குடும்பத்து லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் உண்டு. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்ற நான்கையும் இரண்டு மாதம், பிறகு முதல் இரண்டையும் நான்கு மாதம் என்ற வழக்கமான சிகிச்சையே அத்தனை பொறுமை கேட்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தது. முதல் கூட்டம் சாதாரணத் தொற்றுகளுக்கு எங்கும் கிடைக்க வேண்டியவை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், கோ-டிரைமாக்சசோல், செஃபலெக்சின் போன்றவை. இரண்டாவது கவனத்தோடு கொடுக்க வேண்டியவை: சிப்ரோ, அசித்ரோ, செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம். மூன்றாவது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டியவை, கொலிஸ்டின் போல. நம் கடைகளில் முதல் கூட்டத்தைத் தாண்டி இரண்டாம் கூட்டத்துக்குத் தாவுவதைத்தான் பவர் என்று பெயர் சூட்டி விற்கிறோம்.

---

தம்வே வாசகி:

ஐந்து நாட்கள் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இரத்த வளர்ப்பில் மெலியாய்டோசிஸ் கிருமி வந்திருக்கிறது. தம்பி எழுதிய அதே மூன்று வட்டுகளைப் பற்றி ஆய்வகத்தில் சொன்னார்கள். வயிற்றை ஸ்கேன் செய்ததில் கல்லீரலில் சிறு சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தன. செஃப்டாசிடைம் என்ற ஊசியை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். இன்சுலினும் போடுகிறார்கள். மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இருக்கிறது. இதுவும் கேட்கவில்லையோ என்று என் மாமியார் அழுகிறார். செஃபிக்சைம் கேட்காதபோது அதே குடும்பத்துச் செஃப்டாசிடைம் எப்படிக் கேட்கும்?

---

காய்ச்சல் பிரிவு மருத்துவர்:

அழ வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் சரியான மருந்து கொடுத்த பிறகும் காய்ச்சல் இறங்க ஒரு வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். சீழ்க்கட்டிக்குள் மருந்து மெல்லத்தான் ஊறும். மூன்றாம் நாள் மருந்தை மாற்றும் பழக்கத்தால்தான் பல நோயாளிகளை இழக்கிறோம்.

குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு செஃபலோஸ்போரினுக்கும் பக்கத்தில் தொங்கும் வேதிச் சங்கிலி வேறு. செஃப்டாசிடைமின் சங்கிலி கிருமியின் வெளிச்சவ்வைக் கடந்து போகவும், அக்கிருமி சுரக்கும் நொதிக்கு எளிதில் உடையாமல் நிற்கவும் உதவுகிறது. நிலைமை மிகக் கடுமையானால் மெரோபெனம் கொடுப்போம், அது கார்பாபெனம் என்ற இன்னொரு பீட்டா-லாக்டம் கிளை. ஊசி குறைந்தது பத்து முதல் 14 நாட்கள், கல்லீரலில் கட்டி இருப்பதால் அவருக்கு நான்கு வாரம்கூட ஆகலாம். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 12 வாரம். அதை விட்டால் நோய் திரும்பும்.

---

பழைய கம்பவுண்டர், ரங்கூன்:

அம்மா, கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டதே பாதிச் சுமை இறங்கியதற்குச் சமம். இந்த நோய்க்கும் நம் ஊருக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உலகத்திலேயே இந்த நோயை முதன்முதலில் கண்டு எழுதியது இந்த ரங்கூனில்தான். 1911-இல் இங்கே நோயியல் அறிஞராக இருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு பணிபுரிந்த சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்க்கையில் நுரையீரலிலும் கல்லீரலிலும் பாலாடைக்கட்டி போன்ற சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். பலர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி வீதியில் கிடந்த ஏழைகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தது, ஆனால் அது அல்ல. 1912-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். விட்மோர் நோய் என்று அவர் பெயரால் பின்னால் அழைத்தார்கள். கிருஷ்ணசாமியின் பெயரை நம்மவர்களிலேயே எத்தனை பேர் அறிவார்கள்? அந்தச் சவக்கிடங்கின் வெக்கையில் கத்தியும் நுண்ணோக்கியுமாக நின்ற அந்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர்கள் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. சல்ஃபா மருந்து 1930-களில் ஜெர்மன் அறிஞர் டோமாக்கின் உழைப்பால் வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வந்தது. அது கண்டறியப்பட்ட ஆய்வுக்கூடத்தை நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உங்கள் கொழுந்தனார் அடுத்துச் சாப்பிடப்போகும் கோ-டிரைமாக்சசோல் அந்தச் சல்ஃபா வழி வந்ததுதான். கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். சமையலின் ஒரு படியைச் சல்ஃபாவும் அடுத்த படியை டிரைமெத்தோபிரிமும் தடுக்கின்றன. நாம் ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலிருந்து உண்டு பெறுவதால் நமக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

---

மோல்மேன் ஆசிரியை:

கிருஷ்ணசாமி அவர்களைப் பற்றி நாளையே வகுப்பில் சொல்கிறேன், ஐயா. இன்னொரு சந்தேகம். மாத்திரையைப் பாலோடு சாப்பிடச் சொல்கிறார்கள் பெரியவர்கள், அது எல்லா மருந்துக்கும் பொருந்துமா?

---

பழைய கம்பவுண்டர், ரங்கூன்:

பொருந்தாது, அம்மா. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து டாக்சிசைக்ளினையும் சிப்ரோவையும் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்யும். வயிற்றெரிச்சல் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அவ்வாறே. டாக்சிசைக்ளினை ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும், இல்லையேல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதை நீண்டநாள் கொடுத்தால் பல் கறைபடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஜென்டாமைசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. சிப்ரோ குதிகால் தசைநாரைப் பலவீனப்படுத்தும், ஸ்டீராய்டோடு சேர்த்தால் இன்னும் அதிகம்.

---

தம்வே வாசகி:

எட்டாம் நாள் இரவு காய்ச்சல் இறங்கியது. அதன்பின் ஏறவில்லை. நான்கு வாரம் ஊசி முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கோ-டிரைமாக்சசோல் அவருடைய எடைக்கு வேளைக்கு மூன்று மாத்திரை, காலையும் மாலையும். 12 வாரத்துக்கு 504 மாத்திரைகள். மொத்தத்தையும் ஒரே கடையில், ஒரே கம்பெனி அட்டையாக வாங்கி, எண்ணிப் பார்த்து டப்பாவில் வைத்திருக்கிறேன். சமையலறைச் சுவரிலுள்ள நாள்காட்டியில் மாமியார் ஒவ்வொரு வேளைக்கும் மஞ்சள் பொட்டு வைக்கிறார். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வரவேண்டும் என்றும், சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அறுவடைக்கு வயலுக்குப் போவேன் என்று இப்போதே அடம்பிடிக்கிறார். போகலாமா?

---

காய்ச்சல் பிரிவு மருத்துவர்:

மிகவும் மகிழ்ச்சி. இந்தப் போகத்துக்குச் சேற்றில் இறங்க வேண்டாம், களத்தில் நெல் காயவைக்கும் வேலையோடு நிற்கட்டும். அடுத்த நடவுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் அன்று வயல் கிடையாது. குடிநீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், ஏனென்றால் இந்தக் கிருமி நீர் வழியாகவும் வரும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை பாருங்கள்.

---

சிரியம் கடைக்காரர்:

வாசகி அக்கா, அந்த பூட்ஸ் என் பக்கத்துக் கடையில் இருக்கிறது. பாத அளவைச் சொன்னால் நாளை தம்வேக்கு வரும் வண்டியில் கொடுத்துவிடுகிறேன். பொட்டலம் கட்டும்போது போடும் அந்தச் சிறிய வெள்ளை மாத்திரையை நேற்று அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.